சாந்தம்மாவின் கம்ப்யூட்டரும் கல் தூசியும்

எங்கள் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் யாரும் நேராக வீட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. முதலில் ஏர் அடித்துக்கொள்ள வேண்டும். கம்ப்ரசர் கொட்டகையின் வெளிச்சுவரில் ஒரு ரப்பர் ஓஸ் தொங்கும். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான், இன்னொருவன் ஓஸைத் திருப்பித் தலையிலிருந்து கால்வரை காற்றை அடிப்பான். சாம்பல் பூசிய உருவமாகப் போய் நின்றவன், திரும்பி வரும்போதுதான் இன்னார் என்று அடையாளம் தெரியும். சூளகிரிப் பக்கத்துக் கிரானைட் கம்பெனிகளில் இது சாப்பிடும்முன் கை கழுவுவது மாதிரி. சட்டைக்கும் ஏர், செருப்புக்கும் ஏர், சைக்கிளுக்கும் ஏர். அப்படிப்பட்ட இடத்தில் சாந்தம்மா ஒருநாள் கம்ப்யூட்டருக்கும் ஏர் அடித்தாள் என்றால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் சிரித்தார்கள். அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றைக்கும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. மற்றதைச் சொல்ல ஆளில்லை என்பதால் நான் சொல்கிறேன். என் பெயர் முனிவேல். அந்தக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவன்.

சாந்தம்மா பேரிகைக்காரி. அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவள் எப்படியோ பத்தாவது வரை படித்துவிட்டாள். கங்கப்பனைக் கட்டிக்கொண்டு, அவன் வேலை பார்த்த எங்கள் கம்பெனிக்கே அவளும் வந்து சேர்ந்தாள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் நன்றாகச் சண்டை போடுவாள். முதலில் அறுத்த பலகைக் கற்களைக் கழுவும் வேலை கொடுத்தார்கள். பிறகு டேப் பிடித்து அளவெடுக்கும் வேலை. அவள் எடுத்த அளவை இன்னொருவர் சரிபார்த்துப் பிழை கண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதைப் பாராட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாராட்டுக்கு மயங்கிவிட்டால் கூலி உயர்வு கேட்க முடியாது என்பது அவளுடைய எண்ணம்.

கங்கப்பன் வேலை செய்தது எட்ஜ் ஷெட்டில். கல்லை அறுக்கும் பெரிய மிஷினிலும் பாலிஷ் போடும் மிஷினிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், அதனால் அங்கே சேறு உண்டு, தூசி கிடையாது. எட்ஜ் ஷெட்டில்தான் ஆட்கள் இரண்டு வரிசையாக நின்று, கரண்டில் ஓடும் கைமிஷினால் கல்லின் விளிம்பைத் தேய்த்து வளைவு கொடுப்பார்கள். கரண்ட் மிஷினில் தண்ணீர் பட்டால் பிடித்திருப்பவனுக்கு ஷாக் அடிக்கும். அதனால் காய்ந்த கல்லில்தான் வேலை. வெள்ளையாகக் கிளம்பும் தூசியில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. வெளிநாட்டுக்குப் போகும் கல்லறைக் கற்கள் அங்கேதான் உருவாயின. எங்கோ கண் காணாத தேசத்தில் செத்தவருக்காக எங்கள் ஆட்கள் இங்கே தூசியைத் தின்றார்கள்.

கங்கப்பனுக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. ஓசூரில் டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, டி.பி. இல்லை, கல் தூசி உள்ளே படிந்திருக்கிறது, இந்த வேலையை விட்டுவிடு என்றார். டாக்டருக்குச் சொல்வது சுலபம். கையில் வேறு தொழில் இல்லாதவன், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பவன், எதை விட்டுவிட்டு எங்கே போவான்? அன்றிலிருந்து சாந்தம்மாவுக்கு ஒரே எண்ணம்தான். புருஷன் ஷெட்டை விட முடியாது என்றால், ஷெட்டில் தூசி நிற்க வேண்டும்.

அதற்கு வழியும் இருந்தது. கம்ப்ரசர் காற்றில் சுற்றும் கைமிஷின் ஒன்று பெங்களூரில் கிடைத்தது. அதில் கரண்ட் இல்லாததால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே தேய்க்கலாம். விற்க வந்த ஆள் ஒருநாள் ஷெட்டிலேயே ஓட்டிக் காட்டினான், ஒரு பொட்டுத் தூசி எழவில்லை. விலையைக் கேட்ட மேனேஜர் அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மேனேஜர் நாராயணப்பன் சூளகிரியில் நிலபுலன் உள்ள குடும்பத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முதலாளிக்குச் செலவு வைக்கப் பயந்தவர், அவ்வளவுதான். சாந்தம்மா அவரிடம் போய்க் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"சார், ஷெட்டுக்கு அந்தக் காத்து மிஷினை வாங்கிக் குடுங்க. ஆளுங்க நெஞ்சு கெட்டுப் போவுது."

"ஏம்மா, இந்த ஷெட்டு நேத்தா ஓடுது? மூஞ்சியில துண்டைக் கட்டிக்கச் சொல்லு."

"கட்டிக்கிட்டுத்தான் சார் இருமுறாரு."

அவர் பேப்பரைப் புரட்டினார். மறுபடி ஒருமுறை கேட்டபோது, முதலாளியிடம் பேசிப் பார்த்ததாகவும் இப்போதைக்கு முடியாது என்று அவர் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். பேசினாரோ இல்லையோ, யார் கண்டது?

இந்த நிலைமையில்தான் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. 1995ஆம் வருஷம். வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொரு கல்லின் அளவையும் அச்சடித்த பட்டியலாகக் கேட்டார்கள். கையால் எழுதி அனுப்பியதில் ஒருமுறை குளறுபடியாகி ஒரு கண்டெய்னர் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு முதலாளி கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்தார். ஆபீஸில் ஒரு மூலையைக் கண்ணாடி வைத்து அடைத்து, ஏசி மாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று போர்டு வைத்தார்கள். எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டார்கள். முதலாளி பெங்களூரிலிருந்து வியாழக்கிழமை தோறும் வருவார். வந்ததும் அந்தக் கண்ணாடி அறைக்குள் போய், புதுமாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மேனேஜரின் உறவுக்காரப் பையன் ஒருவனை அதில் உட்கார வைத்தார்கள். அவன் பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அளவெல்லாம் எப்படியும் சாந்தம்மா எடுப்பதுதானே, அவளே அடித்தால் என்ன என்று நான்தான் சொன்னேன். ஓசூரில் ஒரு சென்டருக்கு மாலையில் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். அவள் குடும்பத்தில் சாய்ந்து உட்கார நாற்காலி கிடைத்த முதல் ஆள் அவள்தான்.

வெயில் காலம் வந்தது. கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. அளவுகளை அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே நின்றுவிடும். அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். ஏசியை முதலாளி வரும் நாளில் மட்டும் போட வேண்டும் என்று மேனேஜர் சட்டம் வைத்திருந்தார். அறையின் பின்பக்கம் முப்பதடி தள்ளி எட்ஜ் ஷெட். கதவிடுக்கு வழியாகவும், அளவுச் சீட்டுக் கொண்டு வருபவர்களின் உடம்போடும் தூசி உள்ளே வந்தபடி இருந்தது. பெட்டியின் பின்பக்கத்துச் சின்னக் காற்றாடியில் மாவு மாதிரி அப்பிக்கிடந்தது.

தூசி என்றால் எங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதானே. சாந்தம்மா ஸ்விட்சை அணைத்தாள், கம்ப்ரசர் ஓஸை ஜன்னல் வழியாக இழுத்தாள், காற்றாடியின் ஓட்டைக்குள் ஒரே அடி அடித்தாள். காற்றாடி விர்ரென்று சுற்றியது, அறை முழுக்க வெள்ளைப் புகை. வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக வேலை நடந்துவிட்டது என்றே நினைத்தார்கள். கம்ப்ரசர் டாங்கியின் அடியில் தண்ணீர் சேரும், காலையில் குழாயைத் திறந்து அதை வடித்துவிட வேண்டும், யாரும் வடிப்பதில்லை என்பது அப்போது ஒருவருக்கும் நினைவில்லை. காற்றோடு தண்ணீரும் ஆயிலும் உள்ளே போயிருந்தன. ஸ்விட்சைப் போட்டதும் டப்பென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம், அதோடு திரை இருண்டது.

வேறு யாராவது என்றால் கரண்ட் ஏறிவிட்டது, எலி கடித்துவிட்டது என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். சாந்தம்மா நேராக மேனேஜர் மேஜைக்குப் போனாள்.

"சார், கம்ப்யூட்டருக்கு ஏர் அடிச்சேன். நின்னு போச்சி. பெங்களூர்லேருந்து ஆளைக் கூப்பிடுங்க."

மேனேஜர் போட்ட சத்தம் ரோட்டு வரை கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "போன் போடுங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

வந்தவர் பெயர் பசவராஜ். பெங்களூர்க்காரர், மெலிந்த உடம்பு, தோளில் ஒரு பை. தமிழ் அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. சாந்தம்மா கன்னடத்தில் பேசியதும் அவர் முகம் தெளிந்தது. பெட்டியை மேஜையில் படுக்கவைத்தார். கரண்ட் வயரைப் பிடுங்கினார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூவைக் கழற்றினார். மூடியைத் தூக்கியதும் உள்ளே ஈரத்தில் குழைந்த கல்மாவு திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. பவர் சப்ளை கருகியிருந்தது. மற்றதை நிழலில் உலரவைத்து, பவர் சப்ளையை மாற்றி, மறுநாள் வந்து ஓடவிட்டார். நல்லவேளை, மற்ற எதுவும் போகவில்லை.

சாந்தம்மா அவரை விடவில்லை. ஒவ்வொருமுறையும் பெங்களூரிலிருந்து ஆள் வருவதென்றால் ஆகாது, எப்படித் துடைப்பது என்று தனக்குக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றாள். அவரும் தட்டிக்கழிக்கவில்லை. அணைத்தால் மட்டும் போதாது, வயரையும் பிடுங்கிவிட வேண்டும். திறந்ததும் முதலில் பெட்டியின் இரும்பைத் தொட வேண்டும், நம் உடம்பில் இருக்கும் கரண்ட் அதில் இறங்கிவிடும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பூச்சி மாதிரியான சின்னச் சாமான்கள் செத்துப்போகும். ஈரத்துணி கூடாது. வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். மென்மையான புதுப் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு தூசியைக் கிளப்பிவிட்டு, போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் கேமராவுக்கு வைத்திருக்கும் ரப்பர் பந்தால் லேசாகக் காற்று விட வேண்டும். காற்றாடியைச் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பவர் சப்ளை டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது, வயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பிறகு அவள், "மூக்கை எதுக்குக் கட்டினீங்க?" என்று கேட்டாள்.

அவர் இதென்ன கேள்வி என்பது மாதிரி பார்த்தார். இது வீட்டுத் தூசி இல்லை, கல் தூசி, மூச்சில் உள்ளே போனால் வெளியே வராது, ஒரு பிடி தூசி என்றாலும் கட்டிக்கொண்டுதான் திறக்க வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னார். பிறகு, "நீங்களும் கட்டிக்கோங்க அம்மா" என்று தமிழிலும் சொன்னார்.

அவர் போனபிறகு சாந்தம்மா ஸ்டோருக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள்: "கேட்டீங்களாண்ணா? எப்பவோ ஒருவாட்டி இந்தப் பொட்டியைத் தொறக்கறவரு மூக்கைக் கட்டுறாரு. அங்க நாளெல்லாம் அதுலயே நிக்கறாங்க." அவள் குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கங்கப்பனிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாளாம். அவன் சிரித்தபடி, "எனக்கு எங்க ஸ்க்ரூ வெச்சிருக்குதுன்னு அவரைக் கேட்டுட்டு வந்திருக்கலாமில்ல" என்றானாம். அவன் அப்படித்தான், இருமலுக்கு நடுவிலும் கிண்டலை விடமாட்டான். ஆனால் அவள் சிரிக்கவில்லை. மறுநாள் என்னிடம், "மனுசனுக்குக் கேட்டா காசு இல்லேன்றாங்க. பொட்டிக்குக் கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மிஷின்கள் நின்றதும் அவளுடைய வேலை ஆரம்பமாகும். பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு, காற்று அடிக்காத தண்ணீர்த் தொட்டிச் சுவரின் மறைவுக்குப் போவாள். புடவைத் தலைப்பை முகத்தில் சுற்றி இறுக்கிக்கொண்டு, கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு மூடியில் போட்டு வைத்துக்கொண்டு, பசவராஜ் சொன்ன வரிசையிலிருந்து இம்மியும் பிசகாமல் செய்வாள். ஒன்றே ஒன்றுதான் அவளாகச் சேர்த்துக்கொண்டது. பெட்டிக்கு அடியில் பேப்பரை விரித்து, விழுந்த தூசியை வீணாக்காமல் ஒரு காப்பித்தூள் பாட்டிலில் கொட்டி வைத்தாள்.

பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. நான் விளையாட்டாக, "ஷெட்லேருந்து ரெண்டு பிடி அள்ளிப் போட்டா பாட்டில் ரொம்பிடுமே" என்றேன். அவளுக்கு வந்ததே கோபம்.

"பொட்டியில வந்ததை மட்டும்தான் போடுவேன். ஒரு பிடி பொய்யி கலந்தாலும் அப்புறம் எல்லாமே பொய்யின்னுடுவாங்க."

அடுத்த வியாழக்கிழமை முதலாளி கண்ணாடி அறைக்குள் வந்தபோது பாட்டில் கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இது என்ன என்று கேட்டார்.

"ஒரு வாரத்துல கம்ப்யூட்டருக்குள்ள போன தூசிங்க ஐயா."

அவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் வாடிவிட்டது. அவர் நெஞ்சு பதறியதை நான் கண்ணால் பார்த்தேன். அத்தனை பேர் இருமல் கேட்காத காதுக்காரருக்கு அந்தப் பாட்டில் கேட்டது. சாந்தம்மா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"எங்கேருந்து வருது?"

"வாங்க ஐயா, காட்டறேன்."

ஷெட் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். முதலாளி கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே கங்கப்பன் உட்பட எல்லோரும் வெள்ளை உருவங்களாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போதே அவர் மேனேஜரிடம், அறைக்கு இன்னொரு கதவு போட்டு, இடுக்கையெல்லாம் அடைத்துவிடலாமே என்றார். நான் உள்ளுக்குள் தொலைந்தது என்று நினைத்தேன். பெட்டி பிழைத்துவிடும், ஆட்கள் அப்படியே கிடப்பார்கள்.

"அடைக்கலாங்க ஐயா," என்றாள் சாந்தம்மா. "ஆனா அளவுச் சீட்டுக் கொண்டாறவங்க ஷெட்லேருந்துதானே வராங்க. மேலெல்லாம் தூசி. கதவு எத்தனை வெச்சாலும் ஆள் உள்ள வந்துதானே ஆவணும்."

"அப்போ கம்ப்யூட்டரைப் பெங்களூருக்கே எடுத்துட்டுப் போயிடலாம். நீங்க அளவைப் போன்ல சொல்லிடுங்க."

பெட்டி போனால் அவள் நாற்காலியும் போகும், ஷெட்டுக்காகப் பேச இருந்த ஒரே சாக்கும் போகும். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லலாங்க ஐயா. சானமாவுக் காட்டுப் பக்கம் யானை போன் கம்பத்தைச் சாச்சிட்டா நாலு நாளைக்குப் போன் கெடையாது. போன வருசம் கண்டெய்னர் திரும்பி வந்ததும் இந்த மாதிரி ஒருத்தர் அளவைச் சொல்ல இன்னொருத்தர் எழுதினதாலதான். இங்க கல்லைத் தொட்டுப் பாத்து அடிக்கறப்போ தப்பு வரலை. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

கண்டெய்னர் என்ற சொல் வேலை செய்தது. முதலாளி மேனேஜரைப் பார்த்தார். "தூசி வராம இருக்க என்ன பண்ணணும்?"

மேனேஜர் வாயைத் திறக்குமுன் நான், காற்றில் ஓடும் கைமிஷின் போட்டுத் தண்ணீர் விட்டால் தூசியே எழாது என்றேன். வாங்கிப் போடுங்கள், கம்ப்யூட்டர் கெட்டுப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார். அந்தக் கடைசி வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன்.

மிஷின்கள் வந்தன. வந்ததைப் பிரித்துப் பார்த்தால் பாதி ஷெட்டுக்குத்தான் காணும். முதலாளி கேட்டது கம்ப்யூட்டருக்குத் தூசி வரக்கூடாது என்றுதானே, ஆபீஸைப் பார்த்த முன்வரிசைக்கு மட்டும் போட்டால் போதும் என்று மேனேஜர் கணக்குப் போட்டிருந்தார். கங்கப்பன் நின்றது பின்வரிசையில். சாந்தம்மா வந்து பார்த்துவிட்டுப் போனாள். மேனேஜருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. சாயங்காலம் அவளைக் கூப்பிட்டார்.

"உன் புருசனை முன்வரிசைக்கு மாத்திடறேன். சரிதானே?"

"மாத்துங்க சார்," என்றாள் உடனே.

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள், நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். இருந்தாலும் மனசுக்குள், அவ்வளவுதானா இவள் போராட்டம் என்று ஒரு நினைப்பு வந்தது. பின்வரிசைக்காரர்களும் அப்படியே பேசிக்கொண்டார்கள். கங்கப்பன் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு முன்வரிசையில் தண்ணீர் மிஷினைப் பிடித்தான்.

அந்தச் சனிக்கிழமையும் சாந்தம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். வியாழக்கிழமை முதலாளி வருவதற்கு முன்பே பாட்டில் மேஜைமேல் இருந்தது. முன்பு இருந்ததைவிடத் தூசி குறைவுதான், ஆனால் இருந்தது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உன் புருசனுக்குத்தான் தண்ணி மிஷின் வந்துடுச்சே. இன்னும் எதுக்கும்மா இந்தப் பாட்டிலு?"

சாந்தம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எம் புருசன் கெளப்பற தூசி எது, பின்வரிசையில நிக்கற வேலூர்க்காரன் கெளப்பற தூசி எதுன்னு இதுக்குத் தெரியாதுங்க சார். எந்த வரிசையிலேருந்து வந்தாலும் உள்ளதான் போவுது."

அவர் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைக்கக் கையை நீட்டினார். அவள் அதற்கு முன்னால் ஒரு கையை வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். வாசலில் கார் சத்தம் கேட்டது. மேனேஜர் கையை எடுத்துக்கொண்டார்.

முதலாளி வந்தார், பாட்டிலைப் பார்த்தார், போட்ட செலவுக்கு ஏன் இன்னும் தூசி என்று மேனேஜரைக் கடிந்தார். அதற்குப் பிறகும் உடனே நடந்துவிடவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க வியாழக்கிழமை தோறும் பாட்டில் அங்கே இருந்தது. ஒருநாளும் அவள் கேட்கவில்லை, வாதாடவில்லை, வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். தீபாவளி கழிந்து பின்வரிசைக்கும் மிஷின் வந்தது. அதற்குப் பிறகு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது பின்வரிசைக்காரர் யாராவது ஓடிவந்து கதவைத் திறந்துவிடுவார்.

அடுத்த வருஷம் கங்கப்பனை ஓசூர் டாக்டர் மறுபடி படம் எடுத்துப் பார்த்தார். நானும் பேரிங் வாங்க அன்று ஓசூருக்குப் போயிருந்ததால் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். நோய் கூடவில்லை என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கங்கப்பன் தோளில் தட்டினேன்.

சாந்தம்மா மட்டும், "கொறைஞ்சிருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"குறையாதும்மா. உள்ளே போனது போனதுதான். இனிமே போகாமப் பாத்துக்கிட்டீங்க, அதுவே பெரிசு. அந்த வேலைக்குப் போன புதுசுலயே இதைப் பண்ணியிருந்தா இவருக்கு ஒண்ணுமே வந்திருக்காது."

பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். ஜன்னல் ஓரம் சாந்தம்மா. கங்கப்பன் இருமாமல் பேசிக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டருக்காக முதலாளி என்னவெல்லாம் செய்தார், அவருக்கு அதன்மேல் எவ்வளவு ஆசை, பெங்களூரிலிருந்து விருந்தாளிகளைக் கூட்டி வந்து காட்டுகிறாரே என்று சிரித்தான். சாந்தம்மா அவன் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"அந்தப் பொட்டியை நீங்க வேலைக்குச் சேந்த வருசமே வாங்கியிருக்கக் கூடாதா, அந்த ஆளு?"

கங்கப்பன் சிரிப்பை நிறுத்தினான்.